மரத்தைக் கொல்லாமல் பட்டை உரித்தவர்

மதுரைக்கு மேற்கே கோச்சடைப் பக்கம் வீட்டுக் கொல்லையில் முருங்கை வைத்திருப்போர், காய்ப்பு ஓய்ந்ததும் அதை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவார்கள். மொட்டையாய் நிற்கும் கட்டை இரண்டு மழை கண்டதும் தளிர்த்துவிடும். ஆனால் அதே மரத்தின் பட்டையை ஆடு சுற்றிலும் கடித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். இலையில் உண்டாகும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பெரிய கிளையை வெட்டும்போது விவரமுள்ள ஆள் முதலில் அடிப்பக்கம் ஒரு வெட்டுப் போடுவதும் இதனால்தான். இல்லாவிட்டால் கிளை முறியும் வேகத்தில் அடிமரத்துப் பட்டையும் கிழிந்துவரும்.

இந்தப் பட்டை விஷயத்திலேயே ஆயுளைச் செலவிட்டவர் உதகமண்டலம் பூங்காவை அமைத்த வில்லியம் கிரகாம் மெக்கைவர்.

ஸ்காட்லாந்துக்காரர். லண்டன் அருகேயுள்ள கியூ தோட்டத்தில் பயின்றவர். அங்கு இருந்தபோது பாசியினத் தாவரங்களில் அவருக்கு அலாதிப் பிரியம். இது பிற்பாடு உதவிற்று. 1848-ல் உதகை வந்தார். வெள்ளைக்காரக் குடும்பங்கள் காய்கறிக்காகச் சந்தா போட்டு நடத்திய தோட்டம் ஒன்று அங்கே இருந்தது. தொட்டபெட்டாச் சரிவில், மேலே காடும் கீழே சதுப்புமாகக் கிடந்த இடத்தை அவர் ஏறக்குறையப் பத்து வருஷத்தில் பூங்காவாக்கினார்.

அந்நாளில் தமிழ்நாட்டை விஷ ஜுரம் வாட்டிக்கொண்டிருந்தது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், கோயமுத்தூர், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய காய்ச்சலில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அதற்கு மருந்து, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் விளையும் சிங்கோனா மரத்தின் பட்டை. 1820-ல் பிரெஞ்சு ரசாயனிகள் இருவர் அதிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தார்கள். ஆனால் பட்டைக்காக அங்கே மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். மருந்து வேண்டியவர் பெருக, மரம் அருகிக்கொண்டே வந்தது.

1860-ல் மார்க்கம் என்பவர் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த செடிகள் வழியிலேயே வாடி, நீலகிரியில் பிழைக்கவில்லை. மறு வருஷம் வந்த செம்பட்டைச் சிங்கோனா செழித்தது. மெக்கைவர் அதைப் பதியன் போட்டும் போத்து நட்டும் லட்சக்கணக்கில் பெருக்கினார்.

செடி மரமாயிற்று, பட்டையை எடுப்பது எப்படி? வெட்டினால் ஒரு தரம்தான் பலன். மெக்கைவர் வேறு வழி கண்டார். மரத்தில் மேலிருந்து கீழாக இரண்டு விரற்கடை அகலத்துக்குப் பட்டையைக் கீறி, உள்ளேயிருக்கும் வழுவழுப்பான பசைப் படலம் கெடாமல் நெம்பி எடுக்கவேண்டும். பக்கத்துப் பட்டையைத் தொடக்கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாக உரித்தால் உணவு இறங்கும் வழி அடைபடாது. பிறகு ஈரப் பாசியை வைத்துக் கட்டிவிட்டால், வெயில் படாமல், கட்டுப்போட்ட புண் ஆறுவதுபோல் புதுப் பட்டை வளர்ந்துவிடும். பாசியை அறிந்தவருக்குத் தோன்றிய யோசனைதான்! அதிலும் விந்தை, புதுப் பட்டையில் மருந்துச் சத்து முன்னைவிடக் கூடியிருந்தது. லண்டனில் ஹோவர்ட் என்னும் நிபுணர் பரிசோதித்து இதை உறுதிப்படுத்தினார்.

எல்லோரும் இந்த முறையை ஒப்பவில்லை. பாசிக்கு எங்கே போவது, ஆள்கூலி என்ன ஆகும், பாசிக்குள் எறும்பு குடியேறினால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டார்கள். டார்ஜிலிங்கில் மரத்தைத் தரையோடு வெட்டி, கட்டையிலிருந்து கிளம்பும் புதுத் தண்டுகளை வளர்த்தார்கள். நம் முருங்கைக் கதைதான். அதில் வேலை குறைவு என்பது மெய். ஆனால் அடுத்த அறுவடைக்குப் பல வருஷம் காத்திருக்கவேண்டும். மெக்கைவர் பிடிவாதக்காரர், கடைசிவரை தம் முறையை விடவில்லை. ஜாவாவில் டச்சுக்காரர்களும் மரத்தைச் சாய்க்காமல் பட்டையை மேலாகச் சீவி எடுத்துப் பார்த்தார்கள்.

செம்பட்டையில் கொயினா குறைவு என்பது அவருக்கு வாய்த்த இன்னொரு சங்கடம். ஆயினும் அதிலுள்ள மற்ற சத்துக்களும் ஜுரத்தைத் தணிக்கும் என்று சென்னை மாகாண வைத்தியர்களின் பரிசோதனைகள் 1860-களிலேயே காட்டின.

1876-ல், ஐம்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில் மெக்கைவர் காலமானார். 1892-ல் வங்காளத்தில் தபாலாபீசுகளிலே கொயினாப் பொட்டலம் காலணாவுக்கு விற்கத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடு மற்ற மாகாணங்களுக்கும் பரவியபோது, அவர் மறைந்து பதினாறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.