புதுச்சேரியில் அச்சான ரூபாயில் டெல்லி பாதுஷா பெயர் ஏன்? ஆனந்தரங்கப் பிள்ளை காலத்து வெள்ளிக் கதை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்கு ரங்கப்பிள்ளை வீதி தெரியும். அந்தப் பெயருக்குரியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. டூப்ளேவின் துபாஷி, டைரி எழுதியவர் என்று படித்திருப்போம். ஆனா அடிப்படையில் அவர் ஒரு வியாபாரி. துணி, பாக்கு, கப்பல் சரக்கு, இதுதான் அவர் உலகம்.

1709இல் சென்னை பெரம்பூரில் பிறந்தார். அப்பா திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்தவர். பிள்ளை டைரி எழுதத் தொடங்கியது 1736 செப்டம்பரில். அதே ஆண்டில்தான் ஆளுநர் டூமா, ஆற்காடு நவாப் தோஸ்த் அலி வழியாக ரூபாய் அச்சடிக்கும் உரிமையைப் பெற்றார். சும்மா இல்லை, பெரிய அன்பளிப்புகள் கொடுத்துத்தான்.

அந்த உரிமைக்கு ஏன் அவ்வளவு மவுசு? நெசவாளருக்கு முன்பணம் கொடுக்க உள்ளூர் காசு வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்ததோ ஸ்பானிய வெள்ளி நாணயம். ஒன்று சுமார் 27 கிராம், அதில் வெள்ளி கிட்டத்தட்ட 92 சதவீதம். அதை அப்படியே கடைத்தெருவில் நீட்ட முடியாது. இன்னொருவர் நாணயச்சாலையில் கொடுத்து மாற்றினால் லாபம் அவர்களுக்கு. சொந்தமாக உருக்கி, தரத்தைக் கூட்டி, சுமார் 11 கிராம் ரூபாயாக அடித்தால், ஒரு ஸ்பானிய நாணயத்திலிருந்து இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயே கிடைக்கும்.

அந்த ரூபாயில் பிரெஞ்சு ராஜா பெயர் கிடையாது. பாரசீக எழுத்தில் முகலாய பாதுஷா முகமது ஷா பெயரும் ஆற்காடு என்ற ஊர்ப் பெயரும் இருக்கும். புதுச்சேரிக்கு அடையாளம் ஒரு பிறைக்குறி, அவ்வளவுதான். சந்தையில் பழகிய பெயர் இருந்தால்தான் காசு ஓடும். அப்பவும் சராப்புக்காரர் எடை போட்டு, தரம் பார்த்துத்தான் வாங்குவார். வெள்ளி குறைந்தால் வட்டம் பிடித்துவிடுவார். இங்கிலாந்தில் 8ஆம் ஹென்றி 1540களில் வெள்ளியை மூன்றில் ஒரு பங்குக்கு இறக்கியபோது, தேய்ந்த காசில் ராஜாவின் மூக்கு செம்பாகத் தெரிந்ததாம். சொந்த முகம் போட்ட ராஜாவுக்கே அந்தக் கதி என்றால், அந்நியக் கம்பெனியின் காசை யார் சும்மா நம்புவார்?

டூப்ளே 1742இல் ஆளுநரானார். சில ஆண்டுகளில் பிள்ளை தலைமை துபாஷி. 1750இல் முசாபர் ஜங் டூப்ளேவுக்கு வாரிக் கொடுத்த சலுகைகளில், புதுச்சேரி நாணயமே கர்நாடகத்தில் செல்லும் என்பதும் ஒன்று. பிள்ளைக்கும் மன்சப் பட்டம், ஜாகிர் எல்லாம் வந்தன. உச்சம் அதுதான்.

பிறகு போர் வெள்ளியைத் தின்றது. டூப்ளே 1754இல் பிரான்சுக்குப் போனார். பிள்ளையின் செல்வாக்கு சரிந்தது, உடம்பும் படுத்தியது, பதவியும் போனது. 1759இல் சம்பள பாக்கிக்காக பிரெஞ்சு சிப்பாய்களே கலகம் செய்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க, பெரிய மனிதர்கள் வீட்டு வெள்ளிப் பாத்திரங்கள் நாணயச்சாலைக்குப் போயின.

1761 ஜனவரியில், ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்த அதே நாட்களில் பிள்ளை இறந்தார். டைரி கிடப்பில் கிடந்தது. 1846இல் கலுவா மோம்ப்ரேன் அதைக் கண்டெடுத்துப் படியெடுக்கச் செய்தார். பிள்ளையின் வீடு இன்றும் ரங்கப்பிள்ளை வீதியில் நிற்கிறது.