மகனுக்காகச் செய்த சக்கரம்

சைக்கிளுக்குக் காற்றுப் போனால் இன்று நாம் பதறுவதில்லை. ரயரின் ஓரத்தைக் கிளப்பி, ரியூபை வெளியே எடுத்து, ஒட்டுப் போட்டுச் சிறிது நேரத்தில் மீண்டும் ஓடலாம். இந்த வசதியின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு மிருக வைத்தியர். அவர்தான் ஜோன் பொய்ட் டன்லொப்.

1840 ஆம் ஆண்டு பெப்ரவரி 5 ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் ட்ரெகோன் கிராமத்தில் அவர் பிறந்தார். எடின்பரோவில் மிருக வைத்தியம் கற்றபின், 1867 இல் அயர்லாந்தில் குடியேறி, பின்னர் பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்தார்.

அக்காலச் சைக்கிள்களின் சக்கரங்களில் கட்டி இறப்பரே இருந்தது. கல் பதித்த வீதியில் ஓடினால் உடம்பெல்லாம் குலுங்கும். 1887 இல், தன் சிறு மகனின் மூன்று சக்கர சைக்கிள் இலகுவாக ஓட ஒரு வழி தேடினார் டன்லொப். மெல்லிய இறப்பரால் குழாய் செய்து, ஒரு மரத்தட்டைச் சுற்றி அதைப் பொருத்தி, துணியால் மூடிக் காற்றடைத்தார். அதையும் மகனின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். பழையது நடுவழியில் சாய்ந்தது. காற்றடைத்ததோ முற்றத்தின் எல்லைவரை ஓடியது. 1888 இல் அவர் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பெல்பாஸ்டில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த ரயருடன் பந்தயங்களில் வென்றதும், சிரித்தவர்களும் வாங்க முன்வந்தார்கள்.

ஆனால் இரண்டு சோதனைகள் காத்திருந்தன. முதலாவது, 1845 இலேயே ரொபர்ட் வில்லியம் தொம்சன் என்பவர் காற்று ரயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சைக்கிள் பரவாத காலமாதலால் அதை உலகம் மறந்திருந்தது. இதனால் டன்லொப்பின் உரிமை செல்லாது போனது.

இரண்டாவது, அவரது ரயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. ஒரு முள் குத்தினால் கழற்றி ஒட்டுவதற்கு மணிக்கணக்கில் ஆகும். பசை காயவும் காத்திருக்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்த்தவர்கள் வேறு சிலர். 1890 இல் வெல்ச் என்பவர் ஓரத்தில் கம்பி வைத்த ரயரையும், பார்ட்லெட் என்பவர் றிம்மின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரயரையும் உருவாக்கினர். டன்லொப்பின் கம்பனி இவ்விரு உரிமைகளையும் வாங்கியே நிலைபெற்றது. பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் செய்த கழற்றக்கூடிய ரயருடன், 1891 இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும் பந்தயத்தில் சார்ள்ஸ் டெரோன் வென்றார். பாரம் குறைந்தது என்பதால் பந்தய வீரர்கள் பலர் பின்னரும் ஒட்டும் ரயரையே விரும்பினர். தொழிலுக்கும் பாடசாலைக்கும் செல்வோருக்கோ, தாமே கழற்றித் திருத்தக்கூடியதே உதவியது.

டன்லொப் சில ஆண்டுகளில் கம்பனியிலிருந்து விலகினார். அவரது பெயர் உலகெங்கும் ஓடியது. பெரும் செல்வமோ அவரைச் சேரவில்லை. 1921 இல் டப்ளினில் காலமானார்.

1876 இல் நமது ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த இறப்பர்க் கன்றுகள் பின்னர் நாட்டின் பெரும் பயிரானதற்கு, ரயர்களுக்கு எழுந்த தேவையும் ஒரு காரணம்.

முதலில் நினைத்தவர் தொம்சன்; மகன் மீதுள்ள பாசத்தால் செய்து காட்டியவர் டன்லொப்; எல்லோருக்கும் இலகுவாக்கியவர்கள் பிறர். ஒரு நல்ல காரியம் பல கைகளால்தான் முழுமை பெறுகிறது. நம் பங்கு சிறிதாயினும் அதை நிறைவாகச் செய்வோம்.