இணையத்தின் முகவரிப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்: யார் இந்த ஜான் போஸ்டல்?

பல்கலைக்கழகத்தில் கணினிக் கட்டமைப்பு படிக்கிறீங்களா? அப்போ மின்னஞ்சலுக்கு போர்ட் 25, இணையத்தளத்துக்கு போர்ட் 80 என்று மனப்பாடம் செய்திருப்பீங்க. இப்படி எந்த வேலைக்கு எந்த எண் என்று யார் பதிவுசெய்து வைத்தது?

பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பு, நீண்ட தாடி வைத்த, செருப்பு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்த ஒருவரிடம்தான் இருந்தது.

ஜான் போஸ்டல் 1943-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். 1969-இல் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தொடங்கியபோது, அவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவர். அந்த வலையமைப்பின் முதல் இணைப்பு அங்கேதான் இருந்தது.

அப்போது பாடப்புத்தகம் கிடையாது. கணினிகள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்ற விதிகளை மாணவர்களே எழுதினார்கள். அந்தக் குறிப்புகளுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்பதுதான் அதன் பொருள். அவற்றைத் திருத்தி, எண் கொடுத்து வெளியிடும் வேலையை போஸ்டல் எடுத்துக்கொண்டார். கூடவே எண்களின் பட்டியலையும். 1972-இல், இந்த எண்களை வழங்க ஓர் அதிகாரி வேண்டும், அது நானாக இருக்கலாமா என்று பாதி விளையாட்டாக ஒரு குறிப்பு எழுதினார். அப்படியே ஆகிவிட்டது!

1974-இல் முனைவர் பட்டம். ஆய்வு, வேறெதில்? புரோட்டோகால்களில்தான். 1981-இல் வெளிவந்த ஐபி, டிசிபி விதிகளைத் தொகுத்தவரும், 1982-இல் மின்னஞ்சல் விதியை எழுதியவரும் அவரே. உங்கள் விரிவுரையாளர் காட்டும் படங்களில் பல அங்கிருந்து வந்தவை.

நாடுகளின் இணைய முகவரிகளிலும் அவர் கை இருக்கிறது. டாட் எஸ்ஜி, டாட் எம்ஒய் போன்ற ஈரெழுத்துக் குறியீடுகளை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கனவே இருந்த ஐஎஸ்ஓ பட்டியலை எடுத்துக்கொண்டார். எது நாடு, எது நாடில்லை என்று முடிவுசெய்யும் தலைவலி தனக்கு வேண்டாம் என்பதே காரணம். புத்திசாலித்தனமான முடிவு, இல்லையா?

ஆனால் 1990களில் இணையத்தில் பணம் புழங்க ஆரம்பித்தது. முகவரிகள் யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் வந்தது.

1998 ஜனவரி 28. ரூட் சர்வர்களை நடத்துபவர்களில் 8 பேருக்கு போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். முதன்மைப் பட்டியலை இனி அமெரிக்க அரசின் ஒப்பந்த நிறுவனத்திடமிருந்து எடுக்காமல், தன் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னார். எட்டுப் பேரும் கேட்டார்கள். சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அவரை நம்பினார்கள், அவ்வளவுதான்.

சாதாரணப் பயனீட்டாளர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. வெள்ளை மாளிகை மட்டும் அதிர்ந்துபோனது. நெருக்குதல் வந்ததும் சில நாள்களில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. வெறும் சோதனைதான் என்றார் போஸ்டல். உண்மையில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அரசுக்குக் காட்டினார் என்று பலர் இன்றும் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் ஒரே ஒருவரால் அதைச் செய்ய முடிந்தது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

பொறுப்பை ஏற்க ஐகான் அமைப்பு அதே ஆண்டு செப்டம்பரில் பதிவானது. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 16-இல், இதயப் பிரச்சினையால் போஸ்டல் காலமானார். வயது 55.

அவர் கட்டிக்காத்த வரிசையில் ஆர்எஃப்சி 2468, அவருக்கான அஞ்சலி. எழுதியவர், அவர் படித்த அதே உயர்நிலைப் பள்ளியில் படித்த வின்ட் செர்ஃப்.