கஞ்சி வார்த்த கைகள்



புனித யோசவ் வாஸ் அடிகளாரை நீங்கள் நன்கு அறிவீர்கள். 1651ஆம் ஆண்டு கோவாவின் பெனவுலிமில் பிறந்து, 1676இல் குருவான அவரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். ஆனால் அவரைத் தாங்கிய கைகளை நாம் நினைப்பதுண்டா?

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. குருவும் திருப்பலியும் இன்றி ஒரு தலைமுறையே கடந்தது. ஆயினும் வீடுகளுக்குள்ளே செபமாலை ஓயவில்லை.

1687இல் அடிகளார் எளிய கூலியாளின் கோலத்தில் இத்தீவுக்கு வந்தார். உடன் வந்தவர் யோவான் என்னும் பணியாள் ஒருவரே. யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அடிகளார் வயிற்றுளைவால் கடுமையாக நோயுற்றார். தொற்றுக்கு அஞ்சிய மக்கள் அவர்களை ஊருக்குப் புறம்பே ஒதுக்கினர். அவ்வேளையில் ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொண்டுவந்து கொடுத்து அவர்களைக் காத்தாள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவளது பெயர் நமக்குக் கிட்டவில்லை. அந்தக் கஞ்சி வராதிருந்தால் நமது திருச்சபையின் வரலாறு எப்படி அமைந்திருக்கும்?

நலம்பெற்ற அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து, வீடு வீடாகப் பிச்சையேற்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் துணிந்து அவரை ஏற்றனர். 1692இல் கண்டியில் போர்த்துக்கேய உளவாளி என்ற சந்தேகத்தில் அவர் சிறையிடப்பட்டபோதும் யோவான் அவரைக் கைவிடவில்லை. 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளரை அடிகளார் தேடிச்சென்று பராமரித்தார். நோயுற்று ஒதுக்கப்படுவதன் வேதனையை அவர் தமது உடலிலேயே அறிந்திருந்தார் அல்லவா?

குருக்கள் செல்ல இயலாத ஊர்களில் மூப்பர்களும் அண்ணாவிமாரும் மக்களைச் செபத்தில் வழிநடத்தினர். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அடிகளார் கண்டியில் இறைவனடி சேர்ந்தபோது அவர்களது பணி ஓய்ந்துவிடவில்லை. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

அன்பானவர்களே! பீடத்தில் வைத்து நாம் வணங்கும் புனிதருக்குப் பின்னால் பீடமேறாத பலர் நிற்கின்றனர். யோவானுக்குத் திருநாள் இல்லை. கஞ்சி வார்த்தவளுக்குச் சுரூபம் இல்லை. ஆனால் தாகமுற்ற சிறியோருக்குக் கொடுத்த ஒரு கிண்ணம் தண்ணீரையும் ஆண்டவர் மறப்பதில்லை.

போரினாலும் இடப்பெயர்வினாலும் நம் பங்குகளின் பதிவேடுகள் பல அழிந்துபோயின. அவற்றோடு பெயர்களும் அழிந்துவிடலாமா? இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், உங்கள் வீட்டு முதியவரிடம், அவருக்குச் சிலுவை அடையாளம் இடக் கற்பித்தவர் யாரெனக் கேளுங்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளின் கையால் எழுதிவையுங்கள். அடுத்த திருப்பலியில் அவருக்காக மன்றாடுங்கள். நோயுற்றுத் தனித்திருக்கும் அயலவர் எவரேனும் இருந்தால், அவரது வாசலுக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி செல்லட்டும்.