இதயத்தின் எழுத்தை வாசிக்கத் தந்தவர்

மார்பு நோவுடன் ஒருவர் மல்லாவி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படும்போது, முதலில் நாடப்படும் பரிசோதனைகளுள் ஒன்று ஈ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபாகும். கட்டமிட்ட தாளில் ஏறியிறங்கும் அந்த நெளிகோட்டை எவ்வளவு விரைவாக, எவ்வளவு சரியாக வாசிக்கின்றனர் என்பதில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. அக்கோட்டை வாசிக்கத்தக்க எழுத்தாக்கித் தந்தவர் வில்லெம் ஐந்தோவன்.

1860 மே 21ஆம் திகதி அவர் பிறந்தது ஐரோப்பாவில் அல்ல. அன்று ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த ஜாவாத் தீவின் செமராங் நகரிலாகும். நமது நாட்டின் மலாய் முஸ்லிம்களில் பலரது மூதாதையரும் அத்தீவிலிருந்தே இங்கு வந்தனர். வைத்தியரான தந்தை, மகனின் ஆறு வயதளவில் காலமானார். 1870இல் தாயார் ஆறு பிள்ளைகளுடன் ஒல்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் குடியேறினார். அரச உதவியில் மருத்துவம் கற்ற ஐந்தோவன், 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

இதயத்தின் மின்னசைவை மனித உடலின் மேற்புறத்திலிருந்து முதலில் பதிவு செய்தவர் இலண்டனைச் சேர்ந்த ஒகஸ்ரஸ் வோலர். அது 1887இல் நிகழ்ந்தது. ஆயினும் அவர் பயன்படுத்திய இரசக் கருவியின் பதிவு தெளிவற்றதாயிருந்தது. ஐந்தோவன் அப்பதிவைக் கணிதத்தால் திருத்தி, 1895இல் அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், ரி எனப் பெயரிட்டார். அத்துடன் நில்லாது, வெள்ளி பூசிய மிக நுண்ணிய குவார்ட்ஸ் இழையொன்றை வலிய மின்காந்தங்களுக்கிடையே நிறுத்தி, 1901இல் இழைக் கல்வனோமானியை வெளிப்படுத்தினார். ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ள அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி தம் இரு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் அமிழ்த்தி அமர்ந்திருப்பார்.

அவ்வெழுத்துக்களின் பொருள் எளிதானது. பி அலை மேலறைகளின் கிளர்ச்சியையும், கியூ-ஆர்-எஸ் கீழறைகளின் கிளர்ச்சியையும், ரி அலை கீழறைகள் மீள்நிலை அடைவதையும் காட்டும். பி அலைகள் மறைந்து, ஆர் முகடுகள் ஒழுங்கின்றித் தோன்றினால் அது மேலறை நடுக்கமாக இருக்கலாம். பி அலைகளும் கியூ-ஆர்-எஸ்ஸும் தொடர்பற்றுத் தனித்தனியே ஓடினால் அது முழுமையான இதய அடைப்பு. இத்தகைய பிறழ்வுகளின் வரைபுகளை 1906இலேயே ஐந்தோவன் வெளியிட்டிருந்தார்.

கருவியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலாதிருந்தது. எனவே 1905இல், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் தொலைவிலிருந்த நோயாளியின் இதயத்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே தமது ஆய்வுகூடத்துக்கு வரவழைத்தார். இதுவே வன்னிக்கு உரிய பாடமென நாம் கருதுகிறோம். நிபுணர் தொலைவில் இருப்பினும் வரைபு அவரைச் சென்றடையலாம். இன்று கைத்தொலைபேசி அதனை நொடியில் செய்கிறது. ஆனால் அனுப்பவேண்டிய அவசரத்தை உணர்பவர், நோயாளியின் அருகில் நிற்கும் தாதியும் இளம் வைத்தியருமே. அவர்கள் அக்கோட்டை வாசிக்க அறியாதிருப்பின், எந்தக் கம்பியாலும் பயனில்லை. இயந்திரமே அச்சிட்டுத் தரும் முடிவும் தவறக்கூடும்.

1924இல் ஐந்தோவனுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கருவியை உருவாக்க உழைத்த உதவியாளர் அதற்குள் மறைந்துவிட்டதை அறிந்து, வறுமையிலிருந்த அவரது சகோதரிகளுக்குப் பரிசுத் தொகையில் பாதியை அளித்தார் எனச் சொல்லப்படுகிறது. 1927 செப்ரெம்பர் 29ஆம் திகதி அவர் லைடனில் காலமானார்.

270 கிலோ கருவி இன்று கையில் தூக்கிச்செல்லும் பெட்டியாகிவிட்டது. அதனை வாசிக்கும் அறிவோ இன்றும் பயிற்சியால் மட்டுமே வருவது. கிராமப்புற வைத்தியசாலைகளுக்குக் கருவிகளை வழங்குவோர், அப்பயிற்சியையும் சேர்த்தே வழங்குவதை உறுதிசெய்தல் வேண்டும். ஏனெனில் மல்லாவியில் துடிக்கும் இதயமும் அதே எழுத்தையே எழுதுகிறது.