தலைச்சூட்டை இறக்கிய துறவி

யோசனை அளவுக்கு மீறினால் ஆளையே சாய்த்துவிடும். அப்படிச் சாய்ந்து, எழுந்து நின்ற ஒருவரின் கதை இது. பெயர் ஹகுயின். ஜப்பான் நாட்டு ஜென் குரு.

1686-ல் ஃபூஜி மலையடிவாரத்தில் ஹாரா என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசில் நரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் கேட்டார். அவ்வளவுதான்! குளிக்க வெந்நீர் போடும் அடுப்பைக் கண்டால்கூட நடுக்கம். அந்தப் பயத்துக்கு விடை தேடித்தான் 1699-ல் துறவியானார்.

அங்கேயும் மனசு விடவில்லை. பெரிய சீன குரு ஒருவரைக் கொள்ளையர் கொன்றதைப் படித்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் நமக்கு என்ன வழி என்று துவண்டுபோய், கவிதை, ஓவியம் என்று கொஞ்ச காலம் திரிந்தார். மறுபடி தியானத்துக்கு வந்து, 1708-ல் ஒரு கோயில் மணியோசையில் தெளிவு பெற்றார். கூடவே கர்வமும் வந்தது! ஷோஜு என்ற வயதான குரு அதை அடித்தே இறக்கினார்.

பிறகு ராப்பகலாகப் பல்லைக் கடித்துக்கொண்டு தியானம். விளைவு? தலையில் கொதிப்பு, கால்களில் சில்லிப்பு, காதில் இரைச்சல், எதைத் தொட்டாலும் பயம். கியோட்டோ பக்கத்து மலைக்குகையில் ஹகுயூ என்ற முதியவரிடம் வைத்தியம் கற்றதாக, 1757-ல் வந்த 'யாசென் கன்னா' நூலில் அவரே எழுதியிருக்கிறார்.

வைத்தியம் ரொம்ப எளிது. தலைமேல் வெண்ணெய் உருண்டை இருப்பதாக நினைக்கணும். அது உருகி, தோள், நெஞ்சு, வயிறு வழியாக உள்ளங்கால் வரை இறங்கணும். கவனமும் கூடவே இறங்கும்.

எனக்குப் பிடித்தது இதுதான். யோசிக்காதே என்று சொன்னால் நம்ம மண்டை கேட்குமா? இன்னும் ரெண்டு மடங்கு யோசிக்கும்! அரியர் கவலையில் ராத்திரி முழுக்கப் புரளும் நமக்கு இது தெரியாதா? ஹகுயூ மனசைத் திட்டவில்லை; அதற்கு வேறு வேலை கொடுத்தார். லேத்தில் டூல் சூடானால் இன்னும் அழுத்தமாட்டோம். கூலன்ட் விட்டு, பிறகு வெட்டுவோம்.

ஹகுயினும் தியானத்தைக் கைவிடவில்லை. சொந்த ஊரின் ஷோயின்ஜி கோயிலுக்கே திரும்பினார். ஒரு கையின் ஓசை எது என்ற புதிரைச் சீடர்களுக்குக் கொடுத்தார். போதிதருமரைப் படம் படமாக வரைந்தார். 1769-ல் மறைந்தார். இன்றைய ரின்சாய் ஜென் குருமார்களின் பரம்பரை அவர் வழியாகத்தான் வருகிறது.

அடுப்புத் தீக்கு நடுங்கிய பையன்தான் அவர், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்