பாலிகாரியின் நெசவாளர் கவிஞர்

ஆங்கில இலக்கிய வகுப்பில் ராபர்ட் பர்ன்ஸைப் படித்தபோதுதான் ஜேம்ஸ் ஓர் எனக்கு அறிமுகமானார். பர்ன்ஸின் கவிதையொன்றுக்கு அயர்லாந்திலிருந்து எழுந்த பதில் போன்றது என்று கேள்விப்பட்டு, அவருடைய கவிதை ஒன்றைத் தேடி வாசித்தேன். அதிலுள்ள ஒரு காட்சி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. அதற்குமுன் அவர் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன். (அவர் குலப்பெயரைத் தமிழில் எழுதினால் வாசிப்போர் தடுமாறக்கூடும் என்பதால் ஜேம்ஸ் என்றே அழைக்கிறேன்.)

1770ஆம் ஆண்டில் அயர்லாந்தின் வடகிழக்கே, அன்ட்ரிம் மாவட்டத்துப் பாலிகாரி சிற்றூரில் பிறந்தார். ஓரிரு துண்டு நிலமும் ஒரு தறியும்தான் குடும்பச் சொத்து. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தனர். அவ்வூர் மக்கள் பலர் 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் வீட்டில் புழங்கிய ஸ்காட்ஸ் பேச்சையே இன்று அல்ஸ்டர் ஸ்காட்ஸ் என்கிறோம். ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுதான். ஆனால் மரியாதை எல்லாம் ஆங்கிலத்துக்கே. தறியில் லினன் நெய்துகொண்டே பாட்டுக் கட்டிய நெசவாளர்கள் அங்கே பலர் இருந்தனர். அவர்களுள் தலைசிறந்தவராக ஜேம்ஸையே பலரும் கருதுகின்றனர்.

சமயப் பிரிவைக் கடந்து எல்லா ஐரிஷ் மக்களுக்கும் சம உரிமை கேட்ட ஐக்கிய ஐரிஷ்காரர் இயக்கத்தில் அவர் சேர்ந்தார். 1798 ஜூன் 7ஆம் நாள் அன்ட்ரிம் நகரில் நடந்த சண்டையில் கிளர்ச்சியாளர்கள் தோற்றனர். தலைமறைவானார், அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், மன்னிப்பு கிடைத்ததும் ஊர் திரும்பி மீண்டும் தறியில் அமர்ந்தார்.

தோற்றவர்கள் தங்களை வீரர்களாகக் காட்டிப் பாடுவதுதானே வழக்கம்? ஜேம்ஸ் அப்படிச் செய்யவில்லை. கிளர்ச்சிக்காரர்கள் கூடிய டோனிகோர் குன்றைப் பற்றி ஸ்காட்ஸ் பேச்சில் எழுதினார். மாட்டுக் கொட்டகையில் ஒளிந்தவர்கள், அழுதபடி ரொட்டி சுட்ட மனைவியர், சண்டைக்கு முன்பே நழுவியவர்கள் என எல்லாரும் அதில் வருகிறார்கள். சொந்த ஊராரைச் சொந்த ஊர்ப் பேச்சிலேயே கிண்டல் செய்யத் துணிச்சல் வேண்டும்.

1804இல் பெல்பாஸ்டில் அவருடைய கவிதை நூல் வெளிவந்தது. முன்கூட்டியே பெயர் பதிந்து ஆதரவளித்தவர்களால்தான் அது அச்சேறியது. அதில் ஆங்கிலக் கவிதைகளும் உண்டு, ஸ்காட்ஸ் கவிதைகளும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது அவர் கொஞ்சம் விறைப்பாகிவிடுகிறார் என்பது என் எண்ணம்.

என்னை நிறுத்திய காட்சி இதுதான். ஓர் ஏழைக் குடியானவர் மரணப் படுக்கையில் இருக்கிறார். போதகர் வீட்டுக்கு வருகிறார். உடனே அங்கிருப்போர் தங்கள் பேச்சை விட்டுவிட்டு நல்ல ஆங்கிலம் பேச முயல்கிறார்கள். முடியவில்லை. பெரிய பெரிய சொற்களைத் தவறாக உச்சரிக்கிறார்கள், தவறான இடத்தில் போடுகிறார்கள்.

நான் ஆறாம் ஆண்டு படித்தபோது, தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் சார்பாகப் பேசும்படி என் அப்பாவைக் கேட்டார்கள். மூன்று இரவுகள் செந்தமிழில் பேசிப் பழகினார். மேடையேறி, முன்வரிசையில் அமர்ந்திருந்த முன்னாள் தலைமையாசிரியரைப் பார்த்து, 'காலஞ்சென்ற நம் தலைமையாசிரியர் அவர்களே' என்று கைகூப்பினார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். தேசியப் பள்ளிக்குப் போன பிறகும் அதை நண்பர்களிடம் கதையாகச் சொல்லியிருக்கிறேன். ஜேம்ஸின் அந்த வரிகளிலும் நகைப்பு உண்டு. ஆனால் அவர் அந்த வீட்டுக்குள்ளிருந்து சிரிக்கிறார். அடுத்து நிகழும் சாவையும் அடக்கத்தையும் அந்த வீட்டாரின் பேச்சிலேயே சொல்கிறார். நானோ வாசலில் நின்று சிரித்திருக்கிறேன்.

ஜேம்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் குடிப்பழக்கம் அவரை வாட்டியது. 1816 ஏப்ரல் 24ஆம் நாள் மறைந்தார். டெம்பிள்கோரன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னாளில் ஃப்ரீமேசன் சங்கத்தார் அங்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். எஞ்சிய கவிதைகளை நண்பர்கள் 1817இல் நூலாக்கினர். அதன் வருவாய் பாலிகாரி ஏழைகளுக்குப் போனது.